வீடும் பேரும்: மலையக நாவல்கள் பற்றி ஒரு மீள்நோக்கு

ஒரு நாவலை முதன்முறை படிப்பதற்குக் காரணங்கள் பலவாகும். பாடத்திட்டம் அதனைக் கையில் திணித்திருக்கலாம். பரிசு பெற்றதென்ற செய்தி ஆவலைத் தூண்டியிருக்கலாம். நண்பரொருவர் நயந்து பேசியிருக்கலாம். ஆயின், படித்து முடித்த நாவலொன்றை ஆண்டுகள் பல சென்றபின் ஒருவர் மீண்டும் விரித்து வைத்துக்கொள்வதற்குக் காரணம் ஒன்றே. அதனைப் படிப்பதில் அவர் இன்பம் காண்கின்றார். கதையின் முடிவு முன்னரே தெரியும். யார் இறப்பார், யார் எஞ்சுவார் என்பதும் தெரியும். அங்ஙனமிருந்தும் அப்பக்கங்கள் அவரைப் பிடித்து வைத்திருக்குமாயின், செய்தியினும் மேலான ஏதோ ஒன்று அவற்றில் உண்டு என்பது பெறப்படும். இரண்டாம் வாசிப்பே நாவலுக்கு உரைகல் எனல் மிகையாகாது.

மலையக நாவல்கள் இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்கப்பட்டமை அரிது. அவை பெரும்பாலும் சான்றுகளாகவே படிக்கப்பட்டு வந்துள்ளன. தோட்டத் தொழிலாளரின் அவலத்தை அறிய விரும்புவோருக்கு அவை உதவும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் பாராட்டு. 1968 இல் வெளிவந்த ‘தமிழ் நாவல் இலக்கியம்’ என்னும் நூலின் வாயிலாகக் க. கைலாசபதி நாவலுக்கும் சமுதாயத்துக்குமுள்ள உறவினை ஆழமாக எடுத்துக்காட்டினார். அவர் வழிவந்தோர் பலர் அவ்வுறவினைச் சுருக்கி, நாவலைச் சமுதாயத்தின் பதிவேடாக மட்டும் கொண்டனர். பதிவேடு எனக் கொள்ளப்படும் நூலுக்கு ஓர் ஆபத்து உண்டு. அதனினும் விரிவான பதிவேடு கிடைத்தவுடன் அது வேண்டாததாகிவிடும். குடியுரிமை, கூலி, குடியிருப்பு ஆகியன பற்றி இன்று வரலாற்றாசிரியரும் சமூகவியலாளரும் எழுதியுள்ள நூல்கள் நாவல்களைவிடக் கூடுதலான தகவல்களைத் தருகின்றன. எனின், இந்நாவல்கள் இன்னும் எதற்கு? இவ்வினாவிற்கு விடை காணாதவிடத்து மலையக நாவல் என்பது இலக்கிய வரலாற்று நூல்களில் பெயர்ப்பட்டியலாக மட்டுமே எஞ்சும்.

இவ்வினாவை ஊவா மலைகளில் நின்று கேட்பதற்குத் தனியானதொரு பொருத்தம் உண்டு. பதுளைக்குக் கிழக்கே பசறையைக் கடந்து மேலேறும் பாதையின் அந்தத்தில் மடுல்சீமை மலைத்தொடர் கிடக்கின்றது. அதற்கப்பால் நிலம் சடுதியாகச் சரிந்து பிந்தனைத் தாழ்நிலத்தை நோக்கி இறங்குகின்றது. கோப்பிக் காலத்திலேயே தோட்டப் பிரிவாக அறியப்பட்ட இப்பகுதிக்கு, மன்னார்க் கரையில் இறங்கி நடந்த கூட்டத்தினர், ஏனையோர் கண்டிச் சீமையின் தோட்டங்களில் தங்கிய பின்னரும் தொடர்ந்து நடந்தே வரவேண்டியிருந்தது. புகையிரதப் பாதை பதுளையை எட்டியது 1924 ஆம் ஆண்டிலேதான். மலையகம் என்றவுடன் அட்டனும் தலவாக்கலையும் நுவரெலியாவும் மனக்கண்முன் தோன்றுவது இயல்பு. தொழிற்சங்கத் தலைமையகங்களும் பத்திரிகைச் செய்திகளும் அவ்வட்டாரத்தையே மையமாகக் கொண்டன. ஓரத்தில் வாழ்வோருக்கு மையத்தின் கதைகள் எவ்வளவு தமதாகின்றன என்பதும் இரண்டாம் வாசிப்பின் கேள்விகளுள் ஒன்றாகும்.

கால வரிசையைச் சுருக்கமாக நோக்குதல் தகும். தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தரான ஜி.எஸ்.எம். சாமுவேல் எழுதிய ‘சுந்தரமீனாள் அல்லது காதலின் வெற்றி’ 1937 இல் வெளிவந்தமையை மு. நித்தியானந்தன் தமது ‘கூலித் தமிழ்’ (2014) என்னும் நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். எனினும் தொடர்ச்சியான நாவல் முயற்சிகள் தோன்றியது அறுபதுகளிலேயாம். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’யும் நந்தியின் ‘மலைக்கொழுந்’தும் 1964 இல் வந்தன. யோ. பெனடிக்ற் பாலனின் ‘சொந்தக்காரன்’ 1968 இலும், தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ வீரகேசரிப் பிரசுரமாக 1974 இலும், தி. ஞானசேகரனின் ‘குருதிமலை’ 1979 இலும் வெளியாயின. சி.வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ 1981 இல் நூலுருப் பெற்றது. அவரது ‘இனிப் படமாட்டேன்’ 1984 இல் வந்தது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார்.

இந்நாவல்களின் பெயர்களை ஒருசேர வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. சொந்தக்காரன், வீடற்றவன், தூரத்துப் பச்சை ஆகிய மூன்றும் உடைமையையோ உடைமையின்மையையோ சுட்டுவன. கண்ணுக்குக் குளிர்ச்சியான தூரத்துப் பச்சை, கிட்டச் சென்றால் தன்னுடையதாவதில்லை என்பது பழமொழியின் உட்கிடை. ஞானசேகரன் பின்னர் எழுதிய நாவலின் பெயர் ‘லயத்துச் சிறைகள்’. குடியிருப்பே சிறையெனும்போது உடைமையின்மை மற்றொரு முகங் கொள்கின்றது. வெவ்வேறு அரசியல் நோக்கும் வெவ்வேறு பிறப்பிடமுமுடைய எழுத்தாளர் தம்முட் பேசி வைத்துக்கொண்டு இப்பெயர்களைத் தேர்ந்திருக்க முடியாது. பொருளே அவர்களை அத்திசையிற் செலுத்தியது. 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே இலங்கை இந்திய காங்கிரசு ஏழு ஆசனங்களை வென்றது. அவற்றுள் பதுளையும் ஒன்று. நாவலாசிரியர் வேலுப்பிள்ளையே அத்தேர்தலில் தலவாக்கலைப் பிரதிநிதியானவர். மறு ஆண்டில் இயற்றப்பட்ட 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வாக்களித்த மக்களையே நாடற்றோராக்கிற்று. வீடற்றவன் என்ற சொல்லின் பின்னே நாடற்றவன் என்ற சொல் ஒலித்துக்கொண்டிருப்பது தற்செயலன்று.

இனி, இவ்வுடைமையின்மை நாவல் என்னும் வடிவத்தையே எங்ஙனம் பாதித்தது என்பதை ஆராய்தல் வேண்டும். உலக நாவல்களுட் பெரும்பாலானவை வீட்டையும் நிலத்தையும் மையமாகக் கொண்டு வளர்ந்தவை. வாரிசு யார், சீதனம் எவ்வளவு, வளவு யார் கைக்குப் போகும் என்பனவே அவற்றின் கதைப் பின்னலை இழுத்துச் செல்லும் கயிறுகள். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’ (1944), எம்.எம். உவைஸின் மொழிபெயர்ப்பில் ‘கிராமப் பிறழ்வு’ எனத் தமிழ் வாசகர்க்குக் கிடைத்தது. தென்னிலங்கைக் கிராமமொன்றின் பெரிய வளவு சிறிது சிறிதாக உருக்குலைவதே அந்நாவல். சுவர் வெடிப்பதும் கூரை ஒழுகுவதும் அங்கு ஒரு குலத்தின் வீழ்ச்சியைச் சொல்லாமற் சொல்லும். லெனார்ட் வுல்ப் 1913 இல் வெளியிட்ட காட்டுக் கிராம நாவலிலும் சேனைநிலமும் குடிசையுமே மாந்தரின் விதியை நிருணயிக்கின்றன. தோட்டத்தில் இவை எதுவும் இல்லை. கூரை ஒழுகினும் அது துரையின் கூரை. தகப்பன் மகனுக்கு விட்டுச்செல்ல வளவும் இல்லை, வயலும் இல்லை. வீடும் நிலமும் இல்லாத மனிதரைக் கொண்டு நாவல் செய்வது எங்ஙனம்? மலையக எழுத்தாளர் ஒவ்வொருவரும் எதிர்கொண்ட கலைச் சிக்கல் இதுவே. அவர்கள் கண்ட விடைகளை மூன்றாக வகுக்கலாம்: பயணம், காம்பரா, பேர்.

பயணத்தைக் கதையாக்குவது முதல்வழி. இது மலையகத்துக்கு மட்டும் உரியதன்று. முல்க் ராஜ் ஆனந்தின் ‘இரண்டு இலைகளும் ஒரு மொட்டும்’ என்னும் பொருள்பட்ட ஆங்கில நாவல் (1937) கங்கு என்னும் பஞ்சாப் விவசாயியை அசாமியத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டு செல்கின்றது. அவனை அழைத்துச் செல்பவன் காட்டும் ஆசை நிலம். கங்குவுக்கு ஈற்றிற் கிடைப்பது துரையொருவனின் துப்பாக்கிக் குண்டு. பி.எச். டானியல் 1969 இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கிய நாவலும் அத்தகையதே. திருநெல்வேலிக் கிராமத்துக் கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் முன்பணத்தை நம்பி ஆனைமலைக்கு ஏறுகின்றனர். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யில் மருதி அதே திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்கு வருகின்றாள். ‘தூரத்துப் பச்சை’யின் வள்ளியும் தமிழகக் கிராமத்தை விட்டுக் கடல் கடந்தவளே.

இரு நாவல்களின் தலைவியர்க்கும் வள்ளி என்ற பெயர் அமைந்திருப்பது சிந்திக்கற்பாலது. வள்ளி குறிஞ்சியின் மகள், தினைப்புனங் காத்தவள், மலையிலே பிறந்து மலையிலேயே மணம் பெற்றவள். அவளது கதையை மண்ணோடு பிணைத்து நிற்கும் கதிர்காமம் ஊவா மாகாணத்திலேயே உள்ளது. பதுளைப் பக்கத் தோட்ட மக்களுக்கு அது தூரத்துத் தலமன்று. இந்நாவல்களின் வள்ளியரோ மலைக்கு வந்தேறியவர். அவர்கள் காப்பது தம் தினையன்று, பறிப்பதும் தம் கொழுந்தன்று. குறிஞ்சித் திணையின் முதற்பொருளும் கருப்பொருளும் இருக்க, உரிப்பொருள் மட்டும் தலைகீழாகியுள்ள நிலையை அப்பெயர் ஒன்றே உணர்த்திவிடுகின்றது. ஆசிரியர்கள் இதனைக் கருதியே பெயரிட்டனரா என்பது முக்கியமன்று. தமிழ் வாசகர் மனத்தில் அவ்வொலி எழுந்தே தீரும்.

ஆயினும் இரண்டாம் வாசிப்பில் பயண நாவல்களின் முற்பகுதி நிலைக்குமளவு பிற்பகுதி நிலைப்பதில்லை என்பதையும் கூறவேண்டும். ஊரை விட்டுப் புறப்படும் வேளையில் மாந்தர் தனித்தனி மனிதராக இருக்கின்றனர். ஒருவருக்குக் கடன், மற்றொருவருக்குப் பஞ்சம், இன்னொருவருக்கு ஊர்ப்பகை. மலையேறிய பின்னரோ அவர்கள் தொழிலாளர் என்ற ஒரே முகத்தைப் பெற்றுவிடுகின்றனர். துன்பம் அடுக்கடுக்காக வருகின்றது; அடுத்து வருவதும் துன்பமே என்பது தெரிந்துவிடுகின்றது. தோட்டமே மனிதரை எண்ணிக்கையாக மாற்றியது என்று இதற்குச் சமாதானம் கூறலாம். எனினும் எண்ணிக்கையாக மாற்றப்படுதலை மனிதர் எங்ஙனம் மறுத்தனர் என்பதைக் காட்டுவதே நாவலின் பணி. அறிக்கை எண்ணுவது, நாவல் எண்ணிக்கைக்குள் அடங்காததைச் சொல்வது.

இவ்விடத்து மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. டானியல், நந்தி, ஞானசேகரன் ஆகிய மூவரும் மருத்துவர்கள். ஆனந்தின் நாவலிலும் தொழிலாளர்பால் இரக்கமுடைய வெள்ளையர் ஒரு மருத்துவரே. தேயிலைத் தோட்ட நாவலுக்கும் மருத்துவருக்குமுள்ள இவ்வுறவு வியப்பானதன்று. துரையின் பங்களாவுக்கும் தொழிலாளியின் லயத்துக்கும் இடையே இரு திசையிலும் நடமாடக் கூடியவர் அவர். எழுதக் கற்றவர், நோயை மட்டுமன்றி நோயின் காரணத்தையும் தேடப் பயிற்றப்பட்டவர். மலேரியாவையும் வயிற்றோட்டத்தையும் பேறுகாலச் சாவையும் இந்நாவல்கள் இத்துணைத் துல்லியமாகக் காட்டுவதற்கு அப்பயிற்சியே காரணம். ஆயின் மருத்துவரின் நோக்குக்கு ஓர் எல்லையும் உண்டு. அவர் காம்பராவுக்குள் நுழைவது நோய் வந்தபோது. நோயில்லாத நாளின் நகைப்பும் ஊடலும் பொறாமையும் விளையாட்டும் அவர் கண்ணிற் படுவது குறைவு. எனவேதான் இவ்வகை நாவல்களில் துயரம் நிறைந்தும் அன்றாடம் குறைந்தும் காணப்படுகின்றது. படிப்போருக்கு இரக்கம் பிறக்கின்றது, பழக்கம் பிறப்பதில்லை.

அன்றாடத்தைத் தந்தவர்களுள் முதன்மையானவர் ஊவாவின் மகனான தெளிவத்தை ஜோசப் எனலாம். 1934 இல் ஹாலி எலைக்கு அண்மையிலுள்ள ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் தோட்டப் பாடசாலை ஆசிரியரின் மகனாகப் பிறந்தவர் அவர். தாம் பணியாற்றிய தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டு 2022 இல் மறையும்வரை எழுதினார். ஆசிரியர் வீடு என்பது தோட்டத்தில் ஒரு நடுவிடம். லயத்துப் பேச்சு காதில் விழும் தூரத்திலும், உத்தியோகத்தர் உலகம் கண்ணிற் படும் தூரத்திலும் அது இருக்கும். துரை, கண்டக்டர், கணக்கப்பிள்ளை, கங்காணி, தொழிலாளி என இறங்கும் படிக்கட்டில் ஒவ்வொருவரும் தமக்கு மேலுள்ளவரிடம் எப்படிக் குனிகின்றனர், தமக்குக் கீழுள்ளவரிடம் எப்படி நிமிர்கின்றனர் என்பதை அங்கிருந்து நன்கு காணலாம். அவரது படைப்புகளில் கொடியவர் என்று ஒருவரைத் தனியே நிறுத்தி வைத்துத் தாக்குவது அரிது. கொடுமை அப்படிக்கட்டின் அமைப்பிலேயே இருக்கின்றது; அதனாலேயே அது நகைச்சுவைக்கும் இடமளிக்கின்றது. துன்பத்தினிடையே சிரிக்கத் தெரிந்த மாந்தரைக் கண்டபின்னரே வாசகர் அவர்களை மீண்டும் காண விரும்புகின்றார்.

நாவல்களோடு அவரது ‘மீன்கள்’ என்னும் சிறுகதையையும் சேர்த்துப் படித்தல் இன்றியமையாதது. பத்தடிக்குப் பன்னிரண்டடியான ஒற்றைக் காம்பராவில் கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் படுத்துறங்க வேண்டியுள்ள நிலையே அக்கதை. இட நெருக்கடி என்பது அறிக்கைகளில் சதுர அடியாக வரும். இங்கே அது ஒரு தகப்பனின் வெட்கமாக வருகின்றது. இருளில் ஓரடி தவறுதலாக வைப்பதில் ஒரு குடும்பத்தின் மானமே நடுங்கிப்போகின்றது. எந்தத் துரையும் அவ்விரவில் காம்பராவுக்குள் வரவில்லை. எவரும் எவரையும் அடிக்கவில்லை. ஆயினும் லயத்தைக் கட்டியவரின் கை அங்கே இருக்கின்றது. வளவு சரிவதைக் காட்டி ஒரு குலத்தின் கதையைச் சொல்ல முடியாத எழுத்தாளர், நான்கு சுவரின் இடைவெளியை வைத்தே அதனைச் சொல்ல வழி கண்டார். உடைமையற்றவரைக் கொண்டு கதை செய்வது எங்ஙனம் என்ற வினாவிற்குக் காம்பரா இரண்டாவது விடையாகியது.

மூன்றாவது விடை பேர். தோட்டத்து வழக்கில் பேர் என்பது ஒரு நாள் வேலையின் கணக்கு. குறித்த அளவு கொழுந்து எடுத்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். பெரட்டுக் களத்துக்குப் பிந்தி வந்தவருக்குப் பேர் இல்லை. மனிதருக்குரிய அடையாளமும் அவரது நாட்கூலியும் ஒரே சொல்லாகிவிட்ட மொழி இது. அரைப்பேர் விழுந்த நாளில் மனிதரும் பாதியாகிவிடுகின்றனர். 1964 ஒக்டோபர் 30 ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் இதே கணக்கு மொழியைத்தான் பேசிற்று: ஏறத்தாழ 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படுவர். அந்த எஞ்சியோர் 1974 இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். கங்காணியின் செக்ரோலும் அரசுகளின் உடன்படிக்கையும் மனிதரை எண்ணும் முறையில் ஒன்றே. இச்சொல்லின் ஆழத்தை அறிந்து கையாளும் நாவலே தோட்ட வாழ்வின் அகத்தைத் தொடும். ‘காலங்கள் சாவதில்லை’ என்னும் தலைப்பு உடைமையையோ இடத்தையோ சுட்டாது காலத்தைச் சுட்டுவது இவ்வகையிற் கவனத்துக்குரியது. தொழிலாளிக்கு விற்பதற்கு இருந்த ஒன்று அவரது நாள். அந்நாளைப் பேராக எண்ணி முடித்தபின்னும் காலம் அவரிடமிருந்து முற்றாகப் பறிபோவதில்லை என்பதே அத்தலைப்பின் எதிர்வாதம்.

பேரைப் பற்றிப் பேசுமிடத்து மொழியைப் பற்றியும் பேசவேண்டும். இரண்டாம் வாசிப்பில் மிக நுண்மையாகச் சோதிக்கப்படுவது உரையாடலே. தோட்டத் தமிழ் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து வந்த பேச்சுக்கள் ஒன்றோடொன்று உராய்ந்து விளைந்தது. அதில் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற இஸ்தோப்பும், போர்த்துக்கேயரிடமிருந்து வந்த காம்பராவும், ஆங்கிலேயரின் பரேட் திரிந்த பெரட்டும் கலந்து கிடக்கின்றன. இம்மொழியை நகைப்புக்காகவோ வட்டார நிறத்துக்காகவோ ஆங்காங்கே தூவும் நாவல், முதல் வாசிப்பில் புதுமையாகத் தோன்றி மறுவாசிப்பில் சலிப்பூட்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மலைநாட்டில் தொழில் பார்த்த எழுத்தாளர் சிலரின் நாவல்களில் மாந்தர் தோட்டத் தமிழிற் பேச, ஆசிரியர் தூய தமிழில் விளக்க, இரண்டுக்கும் இடையே ஒரு வேலி நிற்பதைக் காணலாம். அவர்களுடைய நேர்மையை ஐயுறுதல் கூடாது. தம் மண்ணல்லாத மண்ணின் துயரைத் தமதாக்கிக்கொண்ட பெருந்தன்மை போற்றத்தக்கது. எனினும் வேலி வேலியே. வேலுப்பிள்ளைக்கு இவ்வேலி இல்லாமைக்கு ஒரு காரணம், அவர் தோட்ட மக்களின் பாடல்களைத் தொகுத்தவர் என்பது. செவி பழகிய பின்னரே அவர் பேனை நாவலுக்கு வந்தது.

முடிவுகளைப் பற்றியும் சில கூறல் வேண்டும். ‘வீடற்றவன்’ தோட்டத்தில் சங்கம் அமைக்கும் முயற்சியையும் அதற்காகத் தொழிலாளி கொடுக்கும் விலையையும் பொருளாகக் கொண்டது. தோட்டத்தில் வேலை போனால் கூரையும் போகும். வேலைநீக்கமும் வெளியேற்றமும் அங்கு ஒரே கடிதம். ஆகவே சங்கத்துக்காக நிமிர்ந்தவர் வீதிக்கு வந்தார் என்பது வெறும் அவலமன்று, தோட்ட அமைப்பின் தருக்கம். ‘குருதிமலை’ எழுபதுகளின் காணிப் பிரச்சினையைப் பின்னணியாக உடையது. 1972 இல் தனியார் காணிகளும் 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாக்கப்பட்டதன் பின் தோட்டக் காணிகளைப் பிரித்தளிக்கும் முயற்சிகள் எழுந்தன. 1977 மே 11 ஆந் திகதி டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். உறுதிப் பத்திரத்தில் ஓரடி நிலமும் இல்லாத மக்கள், தாம் நட்டு வளர்த்த தேயிலைக்காகத் தடுத்து நின்ற காலம் அது. ‘சொந்தக்காரன்’ என்ற தலைப்பு எழுப்பிய வினாவுக்கு ‘குருதிமலை’ ஒருவகை மறுமொழி: உழைத்தவருக்கே உரிமை. அம்மறுமொழியின் அறம் ஐயத்துக்கு இடமற்றது. ஆயின் அக்காலத்து நாவல்கள் பலவற்றிற் போலவே, கடைசிப் பக்கங்களில் மாந்தரின் குரலை மேடையின் குரல் விழுங்கிவிடும் நிலை இங்கும் தலைகாட்டுகின்றது. இளைஞராக முதன்முறை படிப்போரை உணர்ச்சிவயப்படுத்தும் அப்பக்கங்களே, பின்னாளில் விரைந்து புரட்டப்படும் பக்கங்களாகின்றன.

தெளிவத்தை ஜோசப்பின் ‘குடை நிழல்’ (2010) இதற்கு மாறானது. தோட்டத்தை விட்டுக் கொழும்புக்கு வந்த மலையகத் தமிழரின் கதை அது. வாடகை வீட்டுக்கு அலைவதும், சந்தேகத்தின் பேரில் பிடித்துச் செல்லப்படுவதும் அதன் பொருள். அளவிற் சிறியது, குரலை உயர்த்தாதது. குடை நிழல் என்பது பழந்தமிழில் வேந்தனின் காவலைக் குறிக்கும். வெண்கொற்றக் குடையின் கீழ் வாழும் குடிக்குத் துன்பமில்லை என்பது மரபு. இங்கே குடையைப் பிடித்திருப்பவரே வெயிலாகின்றார். லயத்தில் தொடங்கிய வீட்டுத் தேடல் தலைநகரிலும் முடியவில்லை. 2003 இல் நிறைவேற்றப்பட்ட சட்டத்தின் வழியாக எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை கிடைத்த பின்னரே இந்நூல் வெளிவந்தது என்பதை நினைவிற் கொள்க. பிரசை என்ற தாள் கிடைத்தும் தலைக்கு மேல் நிழல் உறுதியாகவில்லை. கதை முடிந்தும் முடியாமல் நிற்பதே அதன் வலிமை. எனவே அது மீண்டும் படிக்க அழைக்கின்றது. அறம் பொருள் இன்பத்துக்கு அப்பாலுள்ளதாகத் தமிழ் மரபு வைத்த வீடு, மலையக இலக்கியத்தில் சுவரும் கதவும் உள்ள சாதாரண வீடாகவே தேடப்பட்டு வந்துள்ளது.

இத்துணையும் கூறியபின், ஊவாவின் வாசகருக்கு ஒரு குறை எஞ்சுகின்றது. யூலை முதல் செப்ரெம்பர் வரை வீசும் வரண்ட கச்சான் காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிமணத்தைத் தந்தது. அக்காற்றில் உதடு வெடிக்கக் கொழுந்தெடுத்தவரின் பருவம் மேற்குச் சரிவின் மழைப் பருவத்தினின்றும் வேறானது. 1940 இல் பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் நிகழ்ந்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிலாளர் வரலாற்றில் குறிப்பிடத்தக்க இடம் பெற்றது. 1818 இன் கிளர்ச்சியில் ஊவாவின் சிங்களக் கிராமங்கள் எரிக்கப்பட்டதன் வடுவும், அதே மலைகளில் பின்னர் தோட்டங்கள் எழுந்தமையும், இரு மக்களும் அருகருகே வாழ்ந்து கொண்டும் கொடுத்தும் சிலவேளை பகைத்தும் வந்தமையும் பெருநாவலொன்றுக்கு வேண்டிய பொருள் அனைத்தையும் கொண்டவை. இவை இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியவை. பயணமும் காம்பராவும் பேரும் தந்த பாடங்களை அறிந்தவரே அதனை எழுதக்கூடும். அவற்றை அறிவதற்கு முன்னையோரைப் படித்தல் அன்றி வேறு வழியில்லை.

படிப்பதற்கு நூல் வேண்டும். பதுளையைச் சேர்ந்த நித்தியானந்தனின் வைகறை வெளியீடு 1979 முதல் 1981 வரை ‘நாமிருக்கும் நாடே’, என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, ‘வீடற்றவன்’ ஆகியவற்றை அடுத்தடுத்து வெளிக்கொணர்ந்தது. ஓரத்திலிருந்த ஒரு நகரத்தைச் சேர்ந்தவர் மலையக இலக்கியத்தின் மையமான நூல்களுக்கு உருக்கொடுத்தார் என்பது ஊவாவுக்குப் பெருமை. பழைய பதிப்புகள் கடைகளிற் கிடைப்பது அரிதாகியுள்ள இக்காலத்தில், 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் மின்வருடல்கள் மறைந்துபோகவிருந்த ஈழத்து நூல்கள் பலவற்றை மீட்டுத் தந்துள்ளன. இன்று மடுல்சீமையின் மேற்பிரிவொன்றில் கைத்தொலைபேசி வைத்திருக்கும் மாணவர் ஒருவருக்கும் இவ்விலக்கியச் செல்வம் எட்டாததன்று.

அம்மாணவர் இந்நூல்களைத் தம் பாட்டன் பட்ட துன்பத்துக்குச் சான்றாக மட்டும் படிப்பாராயின், ஒருமுறை படித்துக் கண்ணீர் விட்டு மூடிவிடுவார். அதில் பிழையில்லை. ஆயின் கங்காணியின் ஏவலையும் கிழவியின் குறும்பையும் இஸ்தோப்பில் நடக்கும் வம்பளப்பையும் சுவைத்து, சிரித்து, மீண்டும் அதே பக்கத்துக்குத் திரும்புவாராயின், அந்த மக்கள் அவருக்கு 9,75,000 பேராக அன்றி ஒவ்வொருவராக வந்து சேர்வர். எண்ணிக்கையாக இறக்கி வைக்கப்பட்டவரை மனிதராக மீட்பது, இன்பத்துக்காகப் படிக்கும் அவ்வாசிப்பே. மலையக நாவலுக்கு இனிமேல் வேண்டுவது இரக்கப்படும் வாசகரன்று. மீண்டும் வந்து படிக்கும் வாசகர்.